வேலையை விட்டுவிட்டு பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்கப் போகலாமா?

வாசகி ஒருவரிடமிருந்து நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 28. கணினி அறிவியல் பட்டதாரி. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டு அனுபவம். உயிரியலைப் பள்ளியோடு விட்டவர். 19 வயதுத் தம்பிக்கு டுஷேன் தசைச் சிதைவு நோய். தம்பியின் மரபணுப் பரிசோதனை அறிக்கையில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தவர், ஒரு வருடமாக மரபியலை விடாமல் வாசித்துவருகிறார். பயோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் துறையின், முதுநிலைப் படிப்புக்கு இரண்டு இடங்களில் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஒன்று, கணினித் துறை நடத்தும் இரண்டாண்டுப் படிப்பு; இரண்டாம் ஆண்டு முழுக்க ஆய்வேடு. அங்கே உள்ள பேராசிரியர் ஒருவர், "நன்றாகச் செய்தால் பிஎச்டிக்கு இங்கேயே எடுத்துக்கொள்ளலாம், உதவித்தொகையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று காணொளி உரையாடலில் சொல்லியிருக்கிறார். மற்றொன்று, உயிரியல் துறை நடத்தும் ஓராண்டுப் படிப்பு. ஆய்வேடு கிடையாது, செலவும் குறைவு.

"புரோகிராமிங் தெரியும் என்பதால் பாதி தூரம் வந்துவிட்டேன். மீதி உயிரியல்; அது மனப்பாடம்தானே, ஆறு மாதத்தில் பிடித்துவிடுவேன். ரோசலிண்ட் என்ற பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பயிற்சித் தளத்தில் உள்ள கணக்குகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிட்டேன். தம்பியின் டேட்டாவையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஆனால் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் துறையில் செய்ய ஏதாவது மிச்சம் இருக்குமா? நல்ல வேலையை விட்டு மறுபடி மாணவியாவதா என்று அப்பா கேட்கிறார். எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

தம்பியின் அறிக்கையைப் படித்த அன்றே, மரபணுவில் நீங்கிய பகுதியின் நீளம் மூன்றால் வகுபடுகிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன நிரல் எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான். நீங்கள் இந்தத் துறைக்குள் எந்தக் கதவு வழியாக வருகிறீர்கள், உள்ளே எதில் இடறப்போகிறீர்கள் என்ற இரண்டும் அந்த நிரலில் தெரிகின்றன. தம்பியின் விவரங்களைத் தொடாமல், பாடநூல்களில் வரும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்.

டுஷேன் நோய், டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதம் சரியாக உருவாகாததால் வருவது. அந்தப் புரதத்துக்கான மரபணு சுமார் 22 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம். மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. அதில் புரதம் செய்யப் பயன்படும் துண்டுகள், அதாவது எக்ஸான்கள், 79. செல் இந்த எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கிறது. 50-ஆம் எக்ஸானில் 109 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் மீதி 1. அது நீங்கிவிட்டால் அதற்குப் பின் வரும் மும்மை எல்லாம் இடம்பெயர்ந்து, புரதம் பாதியில் நின்றுபோகும். 51-ஆம் எக்ஸானில் 233 எழுத்துகள், மீதி 2. அதையும் சேர்த்துத் தாண்டச் செய்துவிட்டால் போனது 342 எழுத்து, மூன்றால் சரியாக வகுபடும். நடுவில் கொஞ்சம் குறைந்த, ஆனால் ஓரளவு வேலை செய்யக்கூடிய புரதம் கிடைக்க வாய்ப்பு உண்டு. 51-ஆம் எக்ஸானைத் தாண்டவைக்கும் எடெப்லிர்சன் என்ற மருந்தின் பின்னே இருக்கும் கணக்கு இதுதான். 2016-இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்குத் துரித ஒப்புதல் தந்தது.

உங்கள் நிரல் இந்த விதியைப் பிடித்துவிட்டது. ஆனால் 3 முதல் 7 வரையுள்ள எக்ஸான்கள் நீங்கியவர்களின் தகவலைக் கொடுத்தால் "கடுமையான வகை" என்று அது சொல்லும். அவர்களில் பலருக்கு நோய் மிதமாகவே இருக்கிறது. செல் சற்றுத் தள்ளி வேறோர் இடத்திலிருந்து புரதத்தைத் தொடங்கிக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். தலைகீழாகவும் நடக்கும்: நீளம் மூன்றால் வகுபட்டாலும், ஆக்டின் என்ற தசைப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பகுதி போன்ற முக்கியமான இடம் போய்விட்டால் நோய் கடுமையாகலாம். இந்த விதிவிலக்குகள் மனப்பாடப் பட்டியல் இல்லை. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்ற படம் மனதில் இருப்பவருக்குத்தான் எந்த இடத்தில் விதியைச் சந்தேகிக்க வேண்டும் என்று தோன்றும். அந்தப் படம் ஆறு மாதத்தில் உருவாகாது. உங்களால் முடியாது என்று சொல்லவில்லை; நேரம் ஒதுக்குங்கள் என்கிறேன்.

பிழைச் செய்தி வராத பிழைகள்

மென்பொருள் வேலையில் தவறு நடந்தால் பெரும்பாலும் எங்காவது சத்தம் வரும். சர்வர் விழும், டெஸ்ட் தோற்கும், பயனர் புகார் செய்வார். பயோஇன்ஃபர்மேடிக்ஸில் நிரல் இறுதிவரை அமைதியாக ஓடி, அழகான வரைபடமும் தந்துவிட்டு, விடை மட்டும் தவறாக இருக்கும். ஐந்து வருட அனுபவத்தோடு வரும் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

மனித ஜீனோமின், அதாவது முழு டிஎன்ஏ தொகுப்பின், பொது மாதிரி வரிசை பல பதிப்புகளாக வந்திருக்கிறது. 2009-இல் வந்த 37-ஆம் பதிப்பும் 2013-இல் வந்த 38-ஆம் பதிப்பும் இன்னும் அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன. ஒரே இட எண் இரண்டிலும் வெவ்வேறு இடத்தைக் குறிக்கும். கலந்துவிட்டால் கணினி எதிர்ப்புச் சொல்லாது. ஜீனோமில் இடங்களைக் குறிக்கும் பெட் வடிவக் கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணும், மரபணு மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும். ஓர் எழுத்து தள்ளிப்போனால் மாற்றம் வேறோர் அமினோ அமிலத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவைத்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளிலேயே அது நிறைய இருந்தது. கடைசியில் பெயர் சூட்டும் குழு 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியதை அறிவித்தது.

இவையாவது கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளிலும், ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை வேறொரு நாளில் வேறொரு கருவியிலும் ஓட்டியிருந்தால், நீங்கள் காணும் வேறுபாடு நோயினாலா கருவியினாலா என்று பிறகு எந்த அல்காரிதத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைச் சோதனை தொடங்கும் முன்பே ஒருவர் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று: மனிதரில் புரதம் தரும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்து 0.05 என்ற வழக்கமான எல்லையை (தற்செயலாக நூற்றில் ஐந்து முறை தவறாக எச்சரிக்கலாம் என்ற அளவை) வைத்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் சராசரியாக 1,000 மரபணுக்கள் "முக்கியமானவை" என்று வந்து நிற்கும். இதற்கான திருத்த முறையை பெஞ்சமினியும் ஹாக்பெர்கும் 1995-இல் தந்தார்கள். எந்த மென்பொருளிலும் அது ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அது எதைக் கட்டுப்படுத்துகிறது, எதைக் கட்டுப்படுத்தவில்லை என்று தெரியாமல் போட்டால் பயனில்லை.

ஆகவே உங்கள் கணக்கை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் கடந்திருப்பது மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கு மரபியலும் புள்ளியியலும். உங்கள் கடிதத்தில் புள்ளியியல் என்ற சொல்லே வரவில்லை; எனக்கு உயிரியலைவிட அதுதான் அதிகக் கவலை. ரோசலிண்ட் கணக்குகளை முடித்தது நல்ல பயிற்சி. ஆனால் அவற்றில் பெரும்பகுதி எழுத்துச் சரங்களைக் கையாளும் புதிர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அவை சோதித்தன.

உங்கள் கணினிப் படிப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். இந்தத் துறையின் பெரிய பாய்ச்சல்கள் சில அங்கிருந்து வந்தவை. 1970-இல் நீடில்மனும் உன்ஷும் இரண்டு புரத வரிசைகளைப் பொருத்திப் பார்க்கத் தந்த முறை, நீங்கள் கல்லூரியில் படித்த டைனமிக் புரோகிராமிங்தான். உரைகளைச் சுருக்குவதற்காக பர்ரோஸும் வீலரும் 1994-இல் வெளியிட்ட உருமாற்றம், 2009-இல் கோடிக்கணக்கான டிஎன்ஏ துண்டுகளை ஜீனோமில் இடம் பார்த்துப் பொருத்தும் கருவிகளுக்கு அடிப்படையானது. அந்தக் கருவிகளைச் செய்தவர்கள் டிஎன்ஏ துண்டு எப்படிப்பட்டது, எங்கே பிழை வரும், எங்கே ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் என்று அறிந்திருந்தார்கள்.

ஆல்ஃபாஃபோல்டு பற்றி

சுருக்கமாகவே சொல்கிறேன். 2020-இல் நடந்த புரத வடிவக் கணிப்புப் போட்டியில் அது சாதித்தது உண்மையிலேயே பெரிய விஷயம். 2024-இன் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி அதற்காக ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் போனது. அது கற்றுக்கொண்ட வடிவங்கள், 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் சோதனையாளர்கள் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்தவை. ஒற்றை எழுத்து மாறினால் புரதத்தின் வேலை எவ்வளவு கெடும் என்பதை அது நம்பகமாகச் சொல்வதில்லை. எந்தச் செல்லில், எந்த வயதில் ஒரு மரபணு இயங்குகிறது என்பது அதன் கேள்வியே இல்லை. மரபணு அறிக்கைகளில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்ற வரியோடு திரும்பி வரும் குடும்பங்கள் ஏராளம். அந்த வரியைத் தெளிவாக்கும் வேலை அப்படியே இருக்கிறது. ஒன்று மட்டும் மாறும்: கருவிகளை வரிசையாக ஓட்டிக்காட்டும் வேலைக்கு மதிப்புக் குறையும். வந்த விடையைச் சோதிக்கத் தெரிந்தவருக்கு வேலை குறையாது.

இரண்டு அழைப்புகளும்

ஓராண்டுப் படிப்பு உயிரியல் துறையில் இருப்பதால் உங்கள் குறையை அது ஈடுசெய்யும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்திட்டத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உயிரியல் துறைகள் நடத்தும் இத்தகைய படிப்புகள் பல, உயிரியல் படித்தவர்களுக்குக் கணினி கற்றுத்தர அமைக்கப்பட்டவை. முதல் பருவத்தில் லினக்ஸ், பைத்தான், ஆர் என்று போகும். உங்களுக்குத் தெரிந்ததற்கே பணம் கட்டி உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பாடங்களிலிருந்து விலக்குப் பெற்று, அவற்றுக்குப் பதிலாக மூலக்கூறு மரபியலும் புள்ளியியலும் எடுக்க விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். விடுவார்கள் என்றால் அந்தப் படிப்பின் மதிப்பு உயரும். அப்போதும் ஆய்வேடு இல்லாதது பெரிய குறைதான். ஒழுங்கற்ற உண்மைத் தரவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டாமல் இந்தத் தொழில் கைக்கு வராது.

இரண்டாண்டுப் படிப்பில் உள்ள ஆபத்து வேறு. கணினித் துறைக்குள்ளேயே இருந்து, யாரோ வெளியிட்ட சுத்தமான தரவுத் தொகுப்பில் துல்லியத்தைச் சிறிது கூட்டிவிட்டு, ஒரு செல்லைக்கூட நேரில் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். எனவே அந்தப் பேராசிரியரிடம் நான் கேட்கச் சொல்வது: ஆய்வேட்டுக்குச் சோதனைக்கூடத்தில் இருந்து ஓர் இணை நெறியாளர் உண்டா? தரவை யார் உருவாக்குகிறார்கள், வாரம் ஒரு முறையாவது அவர்களோடு உட்கார முடியுமா? அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், அவர்களில் இருவரிடம் நீங்கள் பேசலாமா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிறார் என்றால் அதையும் ஒரு பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிஎச்டி, உதவித்தொகை பற்றி அவர் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பேராசிரியரின் திட்ட நிதி முடிந்துபோகலாம், அவரே வேறிடம் போய்விடலாம். "நாம் பேசியபடி" என்று தொடங்கி, புரிந்துகொண்டதை ஒரு மின்னஞ்சலில் பணிவாக எழுதி உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். கட்டணம், உதவித்தொகை, எத்தனை மாதம் என்ற மூன்றும் துறையின் அனுமதிக் கடிதத்தில் இல்லாதவரை உங்கள் பணக் கணக்கில் அவற்றைச் சேர்க்காதீர்கள். நீங்கள் எழுதும் மென்பொருளின் உரிமை யாருக்கு, கட்டுரையில் ஆசிரியர் பெயர் எப்படி முடிவாகும் என்பதையும் சேரும் முன்பே கேட்கலாம். அது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவாகாது. இப்போதைய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், ஓய்வு நேரத்தில் எழுதிய நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற பிரிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதுநிலைப் பட்டத்தோடு மருந்து நிறுவனத்தில் சேர்ந்து நேரே மருந்து கண்டுபிடிக்கும் வேலைக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தோடு பொதுவாகக் கிடைப்பது பகுப்பாய்வுப் பணிகளும், தரவைப் படிப்படியாகப் பதப்படுத்தும் நிரல் தொடர்களைக் கட்டிப் பராமரிக்கும் பணிகளும்தான். நல்ல வேலைகள்தான்; உங்கள் அனுபவத்துக்கு நன்றாகவே பொருந்துபவை. என்ன கேள்வியை ஆராய்வது என்று முடிவு செய்யும் இடத்துக்குப் பெரும்பாலும் பிஎச்டி எதிர்பார்க்கிறார்கள். இரண்டில் எது உங்களுக்கு நிறைவு தரும் என்று இப்போதே யோசியுங்கள், ஏனென்றால் பிந்தையதற்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டும்.

தம்பியின் தரவு

இதை எழுதும்போது மிகவும் யோசித்தே எழுதுகிறேன்.

அந்தத் தரவு தம்பியுடையது. 19 வயதில் அவருடைய சம்மதத்தை வேறு யாரும் தர முடியாது. பெற்றோரும் அக்காவும் உட்பட. நீங்கள் கேட்டால் அவர் மறுக்க மாட்டார் என்பதாலேயே நீங்கள் நேரடியாகக் கேட்பது சரியான வழி ஆகாது. ஆய்வுக்கு எடுப்பதென்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், உங்களைச் சாராத ஒருவர் அவருக்கு விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். அதுவரை அந்தக் கோப்புகளை எந்த இலவச இணையக் கருவியிலும் ஏற்றாதீர்கள். பெயரை நீக்கினாலும் ஜீனோம் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது உங்களைப் பற்றியது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. டுஷேன் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த மாற்றம் தாயிடமிருந்து வந்தது; மற்றவர்களுக்குப் புதிதாகத் தோன்றியது. அம்மா அதைச் சுமப்பவர் என்றால் உங்களிடமும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவின் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் கருமுட்டைகளில் மட்டும் இருக்கக்கூடும். சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாவதுண்டு. அதனால் இதயப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏற்கெனவே தெரிந்து எழுதாமல் விட்டிருக்கலாம். தெரியாது என்றால், ஆய்வேட்டின் நடுவே நள்ளிரவில் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் செய்தியாக இது இருக்கக் கூடாது. படிப்பு எதுவானாலும், முதலில் ஒரு மரபணு ஆலோசகரைச் சந்தியுங்கள். அறிந்துகொள்வதும் வேண்டாம் என்று விடுவதும் உங்கள் உரிமை. அம்மாவுக்கும் அப்படியே. அவர் தன்மேல் பழி சுமத்திக்கொள்ள இதில் இடமே இல்லை என்பதையும் அந்த ஆலோசகர் வாயால் அவர் கேட்பது நல்லது.

தம்பிக்காகத்தான் படிக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்ட்ரோஃபின் புரதம் 1987-இல் அடையாளம் காணப்பட்டது. எக்ஸானைத் தாண்டவைக்கும் முதல் மருந்து ஒப்புதல் பெற 29 ஆண்டுகள் ஆயின. அதுவும் சில வகை மாற்றங்கள் உள்ளவர்களுக்கு மட்டும். அது உண்டாக்கும் புரதத்தின் அளவு மிகக் குறைவு, பலன் எவ்வளவு என்பது அப்போதே விவாதமாகியது. உங்கள் இரண்டாண்டுப் படிப்பின் முடிவில் அவருக்குச் சிகிச்சை கிடைக்கும் என்ற சுமையை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அவர் தோளில் அந்த எதிர்பார்ப்பையும் ஏற்றாதீர்கள். இந்த நோய் இல்லாத ஓர் ஆய்வுக் கேள்வியிலும் உங்களுக்கு ஆர்வம் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நிற்கும் என்றால் தாராளமாக வாருங்கள். என் கருத்தில் முதல் ஆய்வேடு டுஷேன் பற்றியதாக இல்லாமலிருப்பதே உங்களுக்கு நல்லது.

அப்பாவிடம் என்ன சொல்வது

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. படிக்கும் காலம் முழுவதற்கும், அதன்பின் வேலை தேடும் ஆறு மாதத்துக்கும் போதுமான சேமிப்பைத் தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். தம்பியின் பராமரிப்பில் உங்கள் நேரமும் சம்பளமும் இப்போது எந்த அளவு பங்கு வகிக்கின்றன, நீங்கள் இல்லாதபோது அதை யார் பார்ப்பார்கள் என்பதும் அந்தத் தாளில் வரட்டும்.

ராஜினாமாவுக்கு முன் மூன்று மாதம் ஒரு சோதனை செய்யுங்கள். மரபணு இயக்கத் தரவுகளைச் சேமிக்கும் ஜியோ (GEO) என்ற பொதுக் களஞ்சியத்தில் தரவு கிடைக்கும் ஒரு வெளியான ஆர்என்ஏ ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதில் உள்ள ஒரே ஒரு படத்தை மூலத் தரவிலிருந்து நீங்களே மீண்டும் உருவாக்குங்கள். அநேகமாக முதலில் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடும் வாரங்கள் உங்களுக்கு எரிச்சலை மட்டும் தருகின்றனவா, அல்லது விட மனமில்லாமல் உட்கார வைக்கின்றனவா என்று கவனியுங்கள். இந்தப் படிப்பின் பெரும்பகுதி அந்த வாரங்களைப் போலத்தான் இருக்கும்.

என் தேர்வு இரண்டாண்டுப் படிப்பு. சோதனைக்கூட இணை நெறியாளரும் எழுத்தில் உதவித்தொகையும் இருந்தால் மட்டும். அவை கிடைக்காவிட்டால் ஓராண்டுப் படிப்புக்குத் தாவ வேண்டாம். அனுமதியை ஓர் ஆண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஓராண்டில், மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகங்களிலோ மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களிலோ மென்பொருள் பொறியாளராக வேலை தேடுங்கள். உங்களைப் போன்றவர்களை அங்கே உண்மையாகவே தேடுகிறார்கள். சம்பளம் இப்போதையதைவிடக் குறையும். ஆனால் தரவு பிறக்கும் இடத்தில் இருப்பீர்கள், மாலை வகுப்பிலோ இணையவழியிலோ புள்ளியியலையும் தொடங்கிவிடலாம். அடுத்த முறை பேராசிரியர்களோடு பேசும்போது, எந்தக் கேள்வியோடு போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.